பூஜ்யம் போன இடம்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று பார்த்தால், மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு ப்ராஜெக்ட். சிபிஎஸ்இ பாடத்தில் மைஎஸ்க்யூஎல் உண்டு. அப்பன் பேங்கில் வேலை பார்ப்பதால் அவளும் ஒரு குட்டி பேங்க் ஆரம்பித்திருக்கிறாள். பெயர், கணக்கு எண், இருப்பு என்று மூன்று பத்திகள் கொண்ட ஒரு டேபிள். அவ்வளவுதான் அவள் பேங்க்.

"அப்பா, 00123ன்னு போட்டேன். 123ன்னு காட்டுது. பூஜ்யத்தைத் தின்னுடுச்சு."

"கணக்கு எண்ணுக்கு என்ன டைப் குடுத்திருக்கே?"

"இன்டிஜர். அக்கவுண்ட் நம்பர்னா நம்பர்தானேப்பா?"

சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. இதே கேள்விக்குப் பல வருடங்களுக்கு முன் நான் ஒரு விலை கொடுத்திருக்கிறேன். அந்தக் கதையையும், அதற்குப் பிறகு ஆர்வத்தில் தேடிப் படித்த சரித்திரத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, பி.காம். ஆகவே பயப்படாமல் படிக்கலாம் :-)

முதலில் என் கதை. கிளைகள் எல்லாம் தனித்தனி சாஃப்ட்வேரிலிருந்து கோர் பேங்கிங்குக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். எங்கள் கிளையோடு ஒரு சின்ன கவுண்டரையும் சேர்த்திருந்தார்கள். கிளையின் பழைய கணக்குகளுக்கு ஐந்து இலக்கம், கவுண்டரின் கணக்குகளுக்கு நான்கு இலக்கம். கிளையில் 04512 ஒரு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கவுண்டரில் 4512 ஒரு சைக்கிள் கடைக்காரர். இரண்டு பட்டியலையும் ஒரே ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு பென்ஷன் வரவு வைக்கிற வேலை என்னிடம் வந்தது. நான் எதையும் தப்பாக டைப் அடிக்கவில்லை. ஃபைலைத் திறந்தேன், சேமித்தேன், ஏற்றினேன். திறக்கும்போதே அந்த மென்பொருள் "ஓஹோ, இது எண்கள் உள்ள பத்தி" என்று தானாக முடிவு செய்து முன்னால் நின்ற பூஜ்யத்தை எடுத்துவிட்டது. ஆசிரியரின் பென்ஷன் சைக்கிள் கடைக்காரர் கணக்கில் போய் விழுந்தது.

பத்து நாள் கழித்து ஆசிரியர் பாஸ்புக்கோடு வந்து நின்றார். அதற்குள் சைக்கிள் கடைக்காரர் அந்தப் பணத்தை எடுத்துப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டிவிட்டார். ஏதோ பாக்கி வந்திருக்கிறது என்று நினைத்தாராம். இருவருமே நல்லவர்கள் என்பதால் விஷயம் சுமுகமாக முடிந்தது. ஆனால் அந்த மாதம் ஆசிரியர் மருந்துக் கடையில் கடன் சொல்லியிருக்கிறார். அதை அவர் என்னிடம் சொன்ன விதம் இன்னும் மறக்கவில்லை. கோபமே இல்லை. "நம்பர் சரியாத்தானே சார் இருந்தது?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து என் மனதில் ஒரே கேள்வி. அந்தப் பூஜ்யத்தை எடுக்கச் சொன்னது யார்? நான் சொல்லவில்லை. ஃபைல் அனுப்பியவர் சொல்லவில்லை. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அப்படியானால் யார்?

ஒரு வகைத் தகவலை இன்னொரு வகையாக மாற்றுவதற்கு கம்ப்யூட்டர்காரர்கள் வைத்திருக்கும் பெயர் டைப் காஸ்டிங். இதில் இரண்டு விதம். நாமே "இதை எண்ணாக மாற்று" என்று எழுதிக் கேட்பது ஒன்று. நாம் கேட்காமலே மெஷின் மாற்றிக்கொள்வது இன்னொன்று. வடக்கே பிழைக்க வந்த நமக்கு இரண்டாவதை விளக்கவே வேண்டாம். ஃபார்மில் சர்நேம் என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு ஏது சர்நேம்? இனிஷியல்தான். கவுண்டரில் இருப்பவர் "பரவாயில்லை, நான் போட்டுக்கறேன்" என்று அப்பா பெயரை அங்கே எழுதிவிடுவார். கடைசியில் எனக்கு என் அப்பா பெயர் சர்நேம், என் மகளுக்கு என் பெயர் சர்நேம், என் மனைவிக்கு ஒரு கார்டில் அவள் அப்பா, இன்னொரு கார்டில் நான். ஒரே வீட்டில் இத்தனை குடும்பமா என்று பாஸ்போர்ட் சமயத்தில் கேட்பார்கள். அந்தக் கவுண்டர்காரர் நமக்கு உதவத்தான் செய்தார். கேட்காமல் செய்தார், அதுதான் சிக்கல்.

டேட்டாபேஸ்களின் ஐம்பது வருடச் சரித்திரத்தில் இந்தக் "கேட்காமல் செய்யும் உதவி" ஒரு பெரிய அத்தியாயம்.

கதை 1970இல் ஆரம்பிக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் எட்கர் காட் என்ற கணித அறிஞர் அந்த வருடம் ஜூனில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தகவல்களை எளிய அட்டவணைகளாகப் பார்க்கலாம் என்ற யோசனை அதில்தான் வந்தது. இன்று நம் பேங்க், ரயில்வே ரிசர்வேஷன் எல்லாம் அந்த யோசனையின் மேல்தான் ஓடுகின்றன. அந்தக் கட்டுரையில் அவர் கொடுத்த முதல் உதாரணம் ஒரு சப்ளை அட்டவணை. சப்ளையர், உதிரிபாகம், ப்ராஜெக்ட், எண்ணிக்கை என்று நான்கு பத்திகள். முதல் வரிசை 1, 2, 5, 17. பார்க்க எல்லாமே எண்கள். ஆனால் முதல் மூன்றும் அடையாளங்கள், கடைசி ஒன்றுதான் அளவு. 17ஐ வேறொரு 17உடன் கூட்டலாம். சப்ளையர் 1ஐயும் உதிரிபாகம் 2ஐயும் கூட்டினால் சப்ளையர் 3 வரமாட்டார்!

இந்த வேறுபாட்டுக்கு காட் டொமைன் என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு பத்தியின் மதிப்புகளும் ஒரு குறிப்பிட்ட டொமைனிலிருந்து வருகின்றன. உருவம் எண்ணாக இருந்தாலும் பொருள் வேறு என்றால் டொமைனும் வேறு. லெட்ஜர் எழுதிப் பழகியவனுக்கு இது சட்டென்று புரியும். ஃபோலியோ எண்ணுக்கும் தொகைக்கும் ஒரே மையில்தான் எழுதுகிறோம், ஆனால் ஃபோலியோ எண்ணை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

காட் சொன்னதை வேலை செய்யும் மொழியாக்கும் முயற்சியில் அதே ஐபிஎம்மில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் ஸீக்வல் என்ற மொழியை அறிமுகப்படுத்தினார்கள். அந்தப் பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிக முத்திரையாக இருந்ததால் எஸ்க்யூஎல் என்று சுருங்கியது. 1979இல் ஆரக்கிள் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1986இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு முதல் எஸ்க்யூஎல் தரத்தை வெளியிட்டது. இந்தப் பயணத்தில் காட்டின் டொமைன் பெரும்பாலும் வழியில் இறங்கிவிட்டது. கையில் மிஞ்சியது முழு எண், தசம எண், எழுத்துச்சரம், தேதி என்று சில வகைகள். பொருளுக்கு வகை என்பது போய், உருவத்துக்கு வகை என்றானது. கணக்கு எண்ணும் இன்டிஜர், ஆள் எண்ணிக்கையும் இன்டிஜர். என் மகள் செய்ததும் அதுதான். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

வகைகள் வந்ததும் வகை மாற்றும் தேவையும் வந்தது. ஒவ்வொரு கம்பெனியும் அதற்குத் தனக்குத் தோன்றிய வழியை வைத்திருந்தது. 1992இல் வந்த எஸ்க்யூஎல்-92 தரம்தான் காஸ்ட் என்ற சொல்லை எல்லோருக்கும் பொதுவாக்கியது. "இதைக் காஸ்ட் செய், இன்ன வகையாக" என்று அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். கேட்டு வாங்கும் முறை அது. கேட்காமல் நடப்பது எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் மட்டும் ஒவ்வொரு டேட்டாபேஸும் தன் இஷ்டப்படி நடந்தது.

இங்கே நான் கொஞ்சம் விவரமாகப் பார்க்க விரும்புவது போஸ்ட்கிரெஸ்க்யூஎல். யார் வேண்டுமானாலும் உள்ளே எட்டிப் பார்க்கக்கூடிய இலவச டேட்டாபேஸ்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜீன் வாங்கும் 1970களில் இங்கிரெஸ் என்ற டேட்டாபேஸைக் கட்டினார்கள். அதற்கு அடுத்தது என்ற அர்த்தத்தில் ஸ்டோன்பிரேக்கர் 1986இல் தொடங்கியதுதான் போஸ்ட்கிரெஸ். அதில் அவர் வைத்த ஒரு ஆசைதான் நம் கதைக்கு முக்கியம். எண், எழுத்து, தேதி என்று முன்கூட்டியே தீர்மானித்த வகைகள் மட்டும் போதாது. வரைபடக்காரனுக்குப் புள்ளியும் பலகோணமும் ஒரு வகையாக வேண்டும். ஆகவே பயன்படுத்துபவரே புது வகைகளை உருவாக்க வழி வேண்டும் என்றார்.

சொல்வது சுலபம். வகைகளே முன்கூட்டித் தெரியாது என்றால், எதை எதாக மாற்றலாம் என்று நிரலுக்குள் எழுதிவைக்க முடியாதே? இதற்கு போஸ்ட்கிரெஸ் கண்ட வழி ஒரு பேங்க்காரனுக்கு ரொம்பவே பிடிக்கும். எல்லாவற்றையும் லெட்ஜரில் எழுதிவிட்டார்கள்! என்னென்ன வகைகள் உண்டு என்பதற்கு பிஜி_டைப் என்று ஒரு டேபிள். எதை எதாக, எந்தச் சூழலில் மாற்றலாம் என்பதற்கு 2002இல் வந்த 7.3 பதிப்பிலிருந்து பிஜி_காஸ்ட் என்று ஒரு டேபிள். டேட்டாபேஸ் தன்னைப் பற்றிய விதிகளையும் டேட்டாபேஸாகவே வைத்திருக்கிறது.

போஸ்ட்கிரெஸ் ஆரம்பத்தில் எஸ்க்யூஎல் பேசவில்லை. போஸ்ட்க்வெல் என்ற சொந்த மொழி வைத்திருந்தது. 1994இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் அதற்கு எஸ்க்யூஎல் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். 1996இல் பெயரோடு க்யூஎல் சேர்ந்து போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஆனது. ஆனாலும் சொந்த ஊர்ப் பழக்கம் போகுமா? இன்றைக்கும் அதில் வகை மாற்ற இரண்டு வழி உண்டு. தரம் சொல்கிற காஸ்ட் ஒன்று. மதிப்புக்குப் பின்னால் :: என்று இரட்டைக் கோலன் போட்டு வகையின் பெயரை எழுதுவது இன்னொன்று. இரண்டாவது தரத்தில் கிடையாது, வழிவழியாக வந்த பழக்கம் என்று அவர்களின் கையேடே ஒப்புக்கொள்கிறது. வெளியில் ஹிந்தி, வீட்டுக்குள் தமிழ் என்று நாம் வைத்திருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் எழுதும் வாக்கியத்தை முதலில் வாங்கிப் படிக்கும் பகுதிக்குப் பெயர் பார்ஸர். அது வேலை செய்கிற விதம் பேங்கில் பணம் கட்டும் சலான் நகர்வதைப் போலவே இருக்கும்.

முதல் மேஜையில் இருப்பவர் சலான் ஒழுங்காக நிரப்பியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். தேதி இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா? அந்தக் கணக்கு உண்மையில் உண்டா என்று லெட்ஜரைத் திறந்து பார்ப்பது அவர் வேலை இல்லை. பார்ஸரின் முதல் கட்டமும் அப்படித்தான். இலக்கணம் மட்டும் பார்க்கும். காஸ்ட் என்று எழுதினாலும் இரட்டைக் கோலன் போட்டாலும் ஒரே மாதிரி "இங்கே ஒரு வகைமாற்றம் கேட்கப்பட்டிருக்கிறது" என்று குறித்துக்கொள்ளும். அப்படி ஒரு வகை இருக்கிறதா என்றுகூடப் பார்க்காது. இரண்டாவது மேஜையில்தான் லெட்ஜர். அங்கேதான் பிஜி_டைப், பிஜி_காஸ்ட் டேபிள்களைப் புரட்டி, மாற்ற வழி இருக்கிறதா என்று முடிவாகும்.

முதல் மேஜையின் இலக்கணத்தில் ஒரு வேடிக்கை. போஸ்ட்கிரெஸ்ஸில் ஸ்மால்இன்ட் என்ற சின்ன எண் வகை உண்டு. -32768 முதல் 32767 வரை கொள்ளும். ஆனால் -32768::ஸ்மால்இன்ட் என்று எழுதினால் "எல்லை மீறிவிட்டது" என்று பிழை வரும். எல்லைக்குள்தானே இருக்கிறது? காரணம், இரட்டைக் கோலன் கழித்தல் குறியைவிட இறுக்கமாக ஒட்டும் என்பது விதி. அது முதலில் 32768ஐப் பிடித்து ஸ்மால்இன்ட் ஆக்கப் பார்க்கிறது. 32767க்கு மேல் போனதால் அங்கேயே முட்டிக்கொள்கிறது. கழித்தல் குறி வாசலிலேயே நிற்கிறது. -32768ஐ அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் சரியாகிவிடும். வட்டிக் கணக்கில் அடைப்புக்குறியை விட்டுவிட்டு ஆடிட்டரிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்த வலி தெரியும்.

இரண்டாவது மேஜையில் வகைமாற்றங்களை மூன்று தரமாகப் பிரித்திருக்கிறார்கள். முதலாவது, யாரும் கேட்காமலே எங்கும் செய்யலாம் என்பது. சின்ன எண்ணைப் பெரிய எண் வகையாக்குவது இதில் வரும். எதுவும் இழப்பு இல்லை என்பதால் அனுமதி. நம் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் மாதிரி. இரண்டாவது, ஒரு பத்தியில் கொண்டுபோய்ச் சேமிக்கும்போது மட்டும் செய்யலாம் என்பது. வாடிக்கையாளரே "இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று இடத்தைக் காட்டிவிட்டதால் அந்த இடத்துக்கு ஏற்ப மாற்றுவது. மூன்றாவது, எழுத்துமூலம் கேட்டால் மட்டும். மேனேஜர் கையெழுத்து இல்லாமல் நகராது.

இதில் இன்னொரு நுணுக்கம். மேற்கோள் குறிக்குள் '5' என்று எழுதினால் அது எழுத்துச்சரம் என்று போஸ்ட்கிரெஸ் உடனே முடிவு கட்டுவதில்லை. "இன்னும் தெரியாது" என்று ஒரு தனி வகையில் வைத்துக்கொள்கிறது. '10' + 5 என்று கேட்டால், பக்கத்தில் இருப்பது எண், ஆகவே இதுவும் எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று அனுமானித்து 15 தருகிறது. நாம் கையால் எழுதிய ஒரு துண்டுக்குத்தான் இந்தச் சலுகை. டேபிளில் எழுத்துச்சரம் என்று அறிவித்துச் சேமித்த பத்திக்குக் கிடையாது. அது ஏற்கெனவே தன் வகையைச் சொல்லிவிட்டதல்லவா?

இந்த ஒழுங்கு முதலிலிருந்தே இவ்வளவு கறாராக இல்லை. 2008 பிப்ரவரியில் 8.3 பதிப்பு வரும்வரை, எண்ணோ தேதியோ எதுவானாலும் தேவைப்பட்டால் எழுத்துச்சரமாகத் தானே மாறிக்கொள்ளும். சௌகரியம்தான். ஆனால் அந்தச் சௌகரியம் செய்த கோலத்துக்கு ஒரு உதாரணத்தை அந்தப் பதிப்பின் குறிப்பிலேயே கொடுத்திருந்தார்கள். இன்றைய தேதி < 2017-11-17 என்று ஒருவர் எழுதுகிறார். மேற்கோள் குறி போட மறந்துவிட்டார். பார்ஸருக்கு அது தேதி இல்லை, கழித்தல் கணக்கு. 2017இல் 11 போனால் 2006, அதில் 17 போனால் 1989. இப்போது ஒரு பக்கம் தேதி, மறுபக்கம் 1989 என்ற எண். இரண்டையும் ஒப்பிட வழியில்லை. பழைய பதிப்பு என்ன செய்தது? இரண்டையும் எழுத்துச்சரமாக்கி, அகராதியில் சொற்களை ஒப்பிடுவதுபோல எழுத்தெழுத்தாக ஒப்பிட்டது. 2008இல் இதைக் கேட்டால் '2008' என்று தொடங்கும் சரம் '1989'ஐவிடப் பெரியது, ஆகவே "சிறியது இல்லை" என்று பதில் வரும். அதாவது, 2017 நவம்பர் ஏற்கெனவே முடிந்துபோய்விட்டது!

இதே வரியை ஃபிக்ஸட் டெபாசிட் முதிர்வுத் தேதிக்கு வைத்துப் பாருங்கள். பிழைச் செய்தி வராது. ரிப்போர்ட் அழகாக அச்சாகும். தப்பான டெபாசிட் எல்லாம் முதிர்ந்ததாகக் காட்டும்.

8.3இல் அந்தக் கதவை மூடினார்கள். எண்ணும் தேதியும் எழுத்துச்சரமாக மாறுவதை முதல் தரத்திலிருந்து இரண்டாம் தரத்துக்கு இறக்கினார்கள். சேமிக்கும்போது மாறலாம், ஒப்பிடும்போது மாறக்கூடாது. எழுத்துச்சரப் பத்தியை எண்ணோடு ஒப்பிட்டால், இப்படி ஒப்பிட வழியில்லை, வெளிப்படையாக வகைமாற்றம் எழுத வேண்டியிருக்கலாம் என்று சொல்லி நின்றுவிடும்.

எல்லோரும் கைதட்டினார்களா என்றால் இல்லை. வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ மென்பொருள்கள் புதுப் பதிப்பில் நின்றுபோயின. பழைய தாராளத்தைத் திரும்பக் கொண்டுவர பிஜி_காஸ்ட் டேபிளில் தாங்களே வரிகளைச் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. விதிகள் டேபிளில் இருப்பதால் அதுவும் முடிந்தது. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நேற்றுவரை ஓடியது இன்றைக்கு ஏன் நிற்க வேண்டும்? கோர் பேங்கிங் வந்தபோது "பழைய லெட்ஜரே நன்றாக இருந்தது" என்று சொன்ன சீனியர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் சொன்னதில் பாதி உண்மையும்கூட. ஆனால் அப்படி நின்ற வரிகளில் எத்தனை, யாருக்கும் தெரியாமல் தப்பான விடை கொடுத்துக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிற்கும்போதுதானே தெரிய வருகிறது?

இனி மகளின் மைஎஸ்க்யூஎல். 1995இல் ஸ்வீடனில் பிறந்தது. உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் வைடேனியஸ் தன் மகள் மை பெயரைத்தான் அதற்கு வைத்தார். (இதைச் சொன்னதும் என் மகள் "நீங்க என் பேர்ல என்னப்பா பண்ணீங்க?" என்றாள். ஆர்.டி. போட்டிருக்கிறேன் என்றேன்.)

மைஎஸ்க்யூஎல் வேகத்துக்கும் சுலபத்துக்கும் பெயர் வாங்கியது. எதற்கும் இல்லை என்று சொல்லாத சுபாவம். எண் பத்தியில் 'அஆஇ' என்று போட்டால் பூஜ்யமாகச் சேமித்துக்கொண்டு, ஓரமாக ஒரு எச்சரிக்கை மட்டும் வைக்கும். அளவுக்கு மேல் பெரிய எண் கொடுத்தால் பத்தி கொள்ளும் உச்ச எண்ணை வைத்துக்கொள்ளும். 2005இல் வந்த 5.0 பதிப்பில் கறார் முறை ஒன்றைச் சேர்த்தார்கள், வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். 2015இல் வந்த 5.7இலிருந்து அதுவே வழக்கமான அமைப்பாகிவிட்டது. இப்போது தப்பான மதிப்பை மறுத்துவிடும்.

ஆனால் இந்தக் கறார் உள்ளே சேமிக்கும்போதுதான். ஒப்பிடும்போது பழைய தாராளம் அப்படியே இருக்கிறது. எழுத்துச்சரத்தையும் எண்ணையும் ஒப்பிடச் சொன்னால் இரண்டையும் மிதவைப் புள்ளி எண்ணாக மாற்றி ஒப்பிடும். '04512' = 4512 என்று கேட்டால் ஆம் என்கிறது. என் ஆசிரியரும் சைக்கிள் கடைக்காரரும் மறுபடி ஒரே ஆள்! 'அஆஇ' = 0 என்றாலும் ஆம். இன்னொரு ஆபத்து நீளமான கணக்கு எண்களில். மிதவைப் புள்ளி எண் 9007199254740992 வரைதான் எல்லா முழு எண்களையும் துல்லியமாகப் பிடிக்கும். 16 இலக்கம். அதைத் தாண்டினால் பக்கத்துப் பக்கத்து எண்கள் ஒன்றாகிவிட வாய்ப்பு உண்டு. நீளமான கணக்கு எண்களை எழுத்துச்சரமாக வைத்துவிட்டு மேற்கோள் குறி இல்லாமல் தேடுகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். வேகமும் போகும். '1', ' 1', '1அ' எல்லாமே 1 ஆக மாறக்கூடும் என்பதால் பத்திக்குப் போட்டு வைத்த இண்டெக்ஸைப் பயன்படுத்த முடியாமல் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்கும்.

மூன்றாவது ஒரு ஆள், நம் எல்லோர் செல்போனிலும் இருக்கும் எஸ்க்யூலைட். ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்டது. அதில் பத்திக்கு எழுதும் வகை கிட்டத்தட்ட ஒரு சிபாரிசுக் கடிதம்தான். இன்டிஜர் என்று அறிவித்த பத்தியில் 'அஆஇ' போட்டால் அப்படியே வைத்துக்கொள்ளும். இந்த நெகிழ்வு குறை இல்லை, சிறப்பு என்றுதான் அதைச் செய்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆனாலும் 2021 நவம்பரில் வந்த 3.37 பதிப்பில், கேட்பவர்களுக்குக் கறாரான டேபிள்கள் வைத்துக்கொள்ள வழி செய்து கொடுத்தார்கள்.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பாதை தெரிகிறது. ஒன்று 2008இல், ஒன்று 2015இல், ஒன்று 2021இல். மூன்றுமே இளமையில் "நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னவை, பிறகு ஏதோ ஓர் இடத்தில் "நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்கக் கற்றுக்கொண்டன. முழுக்க மாறிவிடவில்லை. போஸ்ட்கிரெஸ்கூட இன்றைக்கும் 12.75ஐ முழு எண் பத்தியில் போட்டால் சத்தமில்லாமல் 13 ஆக்கிச் சேமிக்கும். 25 பைசா லாபம் என்று சிரிக்கலாம், லட்சம் வவுச்சரில் சிரிக்க முடியாது.

மெஷின் நின்று கேள்வி கேட்டால் நமக்கு எரிச்சல் வருகிறது. எனக்கும் வரும். ஆனால் பேங்கில் இத்தனை வருடத்தில் நான் பார்த்த பெரிய தலைவலிகள், சிஸ்டம் நின்றுபோன நாட்களில் வந்தவை அல்ல. எல்லாம் சரியாகப் போனது என்று நினைத்த நாட்களில் வந்தவை. பிழைச் செய்தி வந்திருந்தால் அன்றைக்கு எனக்கு அரை மணி நேரம் வீணாகியிருக்கும். வராததால் ஒரு வயதானவருக்கு மாத்திரை வாங்கக் காசில்லாமல் போனது.

சரி, மகளிடம் வருவோம். நான் இவ்வளவும் அவளிடம் சொல்லவில்லை. ப்ராஜெக்ட்டை மறுநாள் கொடுக்க வேண்டுமே! ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"இந்த நம்பரை எப்பவாவது இன்னொரு நம்பரோட கூட்டுவியா?"

"அக்கவுண்ட் நம்பரை யாராவது கூட்டுவாங்களா?"

"அப்போ அது நம்பர் இல்லை. பேர். எண்ணால எழுதின பேர்."

கொஞ்சம் யோசித்தாள். "அப்போ போன் நம்பர்? செக் நம்பர்? செக்ல இருக்கிற அந்த எம்ஐசிஆர் கோடு?"

"செக் நம்பர் ஆறு இலக்கம், 000001ல ஆரம்பிக்கலாம். எம்ஐசிஆர் ஒன்பது இலக்கம், முதல் மூணு ஊரு. 600ன்னா சென்னை, 400ன்னா மும்பை. ரெண்டையும் கூட்டினா எந்த ஊரு வரும்?"

சிரித்துக்கொண்டே கணக்கு எண்ணை வார்சார் ஆக்கினாள். இருப்புப் பத்தியை ஃப்ளோட் என்று வைத்திருந்ததைப் பார்த்து, காசுக்கு அது ஆகாது, டெசிமல் போடு, பைசா தப்பாது என்றேன். அதையும் மாற்றினாள். 00123 என்று மறுபடி அடித்தாள். 00123 என்றே வந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள்.

இவ்வளவுதான். மேற்கோள் குறி இரண்டு, டைப் பெயர் ஒன்று. அந்த ஆசிரியரின் பாஸ்புக்கில் 04512 என்று பேனாவில் எழுதி, பூஜ்யத்தின் நடுவே யாரோ ஒரு பழைய க்ளார்க் குறுக்குக் கோடு போட்டிருந்தார். அது ஓ இல்லை, பூஜ்யம் என்று காட்ட. அவருக்கு டைப் காஸ்டிங் தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் பூஜ்யம் இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.